தேவதூதர்களுக்கு நடுவே அல்ல

கையைத் தூக்கியதுமே இறக்கிவிடலாமா என்று தோன்றியது. இறக்கவில்லை. அதற்குள் செயலாளர் எண்ணி முடித்துவிட்டார். மூன்றுக்கு இரண்டு. தீர்மானம் நிறைவேறியது. இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. அந்தக் கை இன்னும் என்னை விடவில்லை.

விஷயம் சிறியதுதான். பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் 40 வீடுகள். அவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை வாடகைக்கு விடப்பட்டவை. பனி அள்ளுவது முதல் வண்டி நிறுத்தும் இடம் வரை எல்லாவற்றையும் ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு முடிவு செய்கிறது. ஓட்டு வீட்டை வாங்கியவர்களுக்கு மட்டும். நாங்களே ஆறு ஆண்டுகள் அங்கே வாடகைக்கு இருந்துவிட்டு வீடு வாங்கியவர்கள். அன்றாட விஷயங்களிலாவது வாடகைக்காரர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று குழுவில் நான் முன்மொழிந்தேன். என்னோடு சேர்த்து இரண்டு பேர்தான் ஆதரவு. உடனே ஒரு நடுவழி வந்தது: வாடகைக்காரர்கள் கூட்டத்துக்கு வரலாம், பேசலாம், ஓட்டு மட்டும் கிடையாது. என்னை ஆதரித்தவர் இந்த அரைகுறை வேண்டாம் என்று எதிர்ப்பக்கம் போய்விட்டார். அதுகூடக் கூடாது என்றவர் ஒருவர். என் கை உயர்ந்தால் நிறைவேறும், உயராவிட்டால் அதுவும் இல்லை. உயர்த்தினேன்.

உயர்த்தியதற்காக நான் வெட்கப்படவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் உறுத்துகிறது. தலைவர் எழுந்து, இனி இந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் சம குரல் உண்டு என்றார். செயலாளர் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதினார். நான் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் எங்கள் எதிர்வீட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். எங்களுக்கும் முன்பே அங்கே குடியேறியவர், இன்றுவரை வாடகைக்கு இருப்பவர். கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை செஸ்ட்நட் தெரு வழியாக நடந்து போனேன். அந்தத் தெருவும் மல்பெரி தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு சிறிய மயானம் இருக்கிறது. லங்காஸ்டருக்கு வந்த முதல் ஆண்டே அங்கே ஒரு கல்லறை வாசகத்தைப் படித்திருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அடிமைமுறையை எதிர்த்து நின்ற தாடியஸ் ஸ்டீவன்ஸ் தனக்காகத் தானே எழுதிவைத்தது. தமிழில் இப்படி வரும்: "இந்த அமைதியான, ஒதுங்கிய இடத்தில் நான் இளைப்பாறுகிறேன். தனிமை மீது இயல்பான விருப்பம் ஏதும் இருந்து அல்ல. மற்ற மயானங்கள் தங்கள் சாசன விதிகளால் இன்ன இனத்தாருக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டிருப்பதைக் கண்டு, நீண்ட வாழ்நாள் முழுவதும் நான் வாதாடிய கொள்கையை என் மரணத்திலும் விளங்கச் செய்ய இதைத் தேர்ந்தெடுத்தேன்: படைத்தவன் முன் மனிதர் அனைவரும் சமம்."

இந்த வரிகளைத் தமிழில் படிக்கும் யாருக்கும் நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

முதல்முறை படித்தபோது கண் கலங்கியது நினைவிருக்கிறது. இந்தமுறை வேறொன்று வந்து குறுக்கே நின்றது. செத்த பிறகும் விட்டுக்கொடுக்காத இந்த மனிதர், உயிரோடு இருந்தபோது தன் வாழ்க்கையின் மிகப் பெரிய நாளில் ஒரு அரைகுறைத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர். அதை எப்படிச் செய்தார் என்பதை இந்த ஏழு வாரமாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போட மறுத்தவர்

ஸ்டீவன்ஸ் 1792 ஏப்ரல் 4 அன்று வெர்மான்ட்டின் டேன்வில்லில் பிறந்தார். ஒரு பாதம் பிறவியிலேயே வளைந்திருந்தது. செருப்புத் தைக்கும் தொழில் செய்த தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் சாரா தனியாக நின்று நான்கு ஆண்பிள்ளைகளை வளர்த்தார். உடலால் உழைத்துப் பிழைக்க முடியாத பிள்ளையைப் படிப்பாவது காப்பாற்றட்டும் என்று பள்ளிக்கூடம் இருந்த பீச்சம் என்ற ஊருக்குக் குடும்பத்தைப் பெயர்த்தார். மகன் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்று, பென்சில்வேனியாவுக்கு வந்து, 1816இல் கெட்டிஸ்பர்க்கில் வக்கீலாக உட்கார்ந்தார். தாய்க்குப் பட்ட கடனை அவர் எப்படி நினைவில் வைத்திருந்தார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அவரைக் கொண்டாடுகிறவர்கள் ஒரு வழக்கை அவசரமாகத் தாண்டிப் போவார்கள். நான் தாண்ட விரும்பவில்லை. 1821. சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண் தானும் தன் பிள்ளைகளும் விடுதலை பெற்றவர்கள் என்று வழக்காடுகிறார். பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை ஆறு மாதம் அங்கே தங்க வைக்கப்பட்டால் விடுதலை. எல்லைக்கு அப்பால் மேரிலேண்டிலிருந்து அவர் பலமுறை அழைத்து வரப்பட்டிருக்கிறார். நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதம் தாண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ஆறு மாதம் என்றால் இடைவெளி இல்லாமல் ஆறு மாதம் என்றார். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சாரிட்டியும் பிள்ளைகளும் அடிமைகளாகவே திரும்பிப் போனார்கள். அந்த எதிர்த்தரப்பு வக்கீல் தாடியஸ் ஸ்டீவன்ஸ். அடிமை உடைமையாளருக்காக வாதாடி, சட்டத்தின் ஒரு சொல்லை நூல் பிடித்துப் பார்த்து, ஒரு தாயையும் பிள்ளைகளையும் இழுத்துக் கொடுத்தார். அவர் பின்னாளில் செய்தவை எல்லாம் சேர்ந்தாலும் சாரிட்டி பட்லருக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மனிதர் வேறு ஆளாகத்தான் தெரிகிறார். 1834இல் பென்சில்வேனியா இலவசப் பொதுப் பள்ளிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வரி கட்ட மனமில்லாதவர்கள் அடுத்த ஆண்டே அதை ரத்து செய்யக் கிளம்பினார்கள். மாநில மேலவை ரத்துக்கு ஒப்புக்கொண்டு முடித்திருந்தது. கீழவையும் தலையாட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1835 ஏப்ரலில், கீழவை உறுப்பினராக இருந்த ஸ்டீவன்ஸ் எழுந்து பேசிய ஒரே பேச்சில் அவை திரும்பியது. சட்டம் பிழைத்தது. என் மகள் தினமும் ஏறிப் போகும் மஞ்சள் பஸ்ஸைப் பார்க்கும்போது சிலநாள் அந்தப் பேச்சு ஞாபகம் வரும்.

1837-38இல் மாநிலத்தின் அரசமைப்பைத் திருத்தி எழுத ஒரு மாநாடு கூடியது. அதுவரை பென்சில்வேனியாவின் அரசமைப்பில் ஓட்டுக்கு நிறத் தடை எழுதப்பட்டிருக்கவில்லை. புதிய வாசகத்தில் 'வெள்ளையர்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். கறுப்பின ஆண்களின் ஓட்டு அந்த ஒரு சொல்லோடு போனது. ஸ்டீவன்ஸ் அந்த மாநாட்டின் உறுப்பினர். முடிவில் ஆவணம் கையெழுத்துக்கு வந்தபோது போட மறுத்துவிட்டார்.

1842இல் லங்காஸ்டருக்கு வந்தார். 1851இல் பக்கத்துக் கிறிஸ்டியானாவில், தப்பி வந்த அடிமைகளைப் பிடிக்க வந்த உடைமையாளர் கொல்லப்பட்டு, 38 பேர் மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்தபோது அவர்களுக்காக நின்ற வக்கீல்களில் இவரும் ஒருவர். அடிமைமுறையை விடாத தென் மாநிலங்களோடு வடக்கு நடத்திய உள்நாட்டுப் போரின்போது, நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் வரி, வருவாய்க் குழுவுக்குத் தலைவராக இருந்து போருக்குப் பணம் திரட்டினார். 1863 ஜூனில், கெட்டிஸ்பர்க் சண்டைக்குச் சில நாள் முன்பு, தென்படை வந்து அவருடைய கலிடோனியா இரும்பு ஆலையைத் தேடிப் பிடித்துக் கொளுத்தியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் லிடியா ஹாமில்டன் ஸ்மித் என்ற கலப்பினப் பெண்மணி அவர் வீட்டை நிர்வகித்தார். அவர்கள் இருவரையும் சேர்த்து ஊர் பேசாத பேச்சில்லை. அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை. பிறர் தன் வீட்டைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பதற்காக அவர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

1866 ஜூன் 13

போர் முடிந்தது, அடிமைமுறை ஒழிந்தது. அதிலிருந்தே ஒரு விபரீதமும் பிறந்தது. பழைய அரசமைப்பில், பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட ஐந்து அடிமைகள் மூன்று பேராக எண்ணப்பட்டார்கள். இப்போது அவர்கள் விடுதலை பெற்றுவிட்டார்கள், முழு ஆளாக எண்ணப்படுவார்கள். ஆனால் ஓட்டு கிடையாது. ஆக, தோற்ற தென் மாநிலங்கள் முன்பைவிடக் கூடுதல் இடங்களோடு காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் திரும்பி வரும். யாரை அடிமைப்படுத்த ஆயுதம் எடுத்தார்களோ அவர்களுடைய தலைகளை எண்ணியே அந்த இடங்களைப் பெறுவார்கள். அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் கதவைத் திறந்துவைத்து அவர்களை வரவேற்கத் தயாராக நின்றார். தெற்கில் கறுப்பர்களுக்கென்று தனிச் சட்டங்கள் வந்துவிட்டன. வேலையின்றித் திரிகிறான் என்று பிடித்து, அபராதம் போட்டு, கட்ட முடியாதவனைக் கூலிக்கு ஏலம் விட்டார்கள். 1866 மே முதல் மூன்று நாட்களில் மெம்பிஸில் வெள்ளைக் கும்பல் 46 கறுப்பர்களைக் கொன்றது.

இந்தப் பின்னணியில், இரு அவைகளும் சேர்ந்த பதினைந்து பேர் கூட்டுக்குழு, விடுதலை பெற்றவர்களின் உரிமைகளைக் காக்க ஒரு அரசமைப்புத் திருத்தத்தை எழுதிக்கொண்டிருந்தது. தலைவர் மெய்ன் மாநிலத்துச் செனட்டர் ஃபெசன்டன். பிரதிநிதிகள் சபையின் பக்கம் ஸ்டீவன்ஸ்தான் தூண். ராபர்ட் டேல் ஓவன் என்ற சீர்திருத்தக்காரர் ஒரு வரைவைக் கொண்டுவந்து ஸ்டீவன்ஸிடம் கொடுத்தார். 1876 ஜூலை 4 முதல், அதாவது நாட்டின் நூறாவது பிறந்தநாள் முதல், நிறத்தைக் காட்டி யாருக்கும் ஓட்டை மறுக்கக் கூடாது என்ற விதி அதில் இருந்தது. பத்து ஆண்டு தள்ளிப்போட்டாலும் எழுத்தில் இருந்தது. ஸ்டீவன்ஸ் அதைக் குழுவுக்கு எடுத்துச் சென்றார், குழுவும் ஏற்றது.

அப்போது ஃபெசன்டனுக்கு அம்மை போட்டது. பெரியம்மையிலேயே இலேசான வகை. தலைவர் இல்லாமல் அறிக்கை கொடுப்பது மரியாதை இல்லை என்று குழு சில நாள் காத்திருந்தது. அந்தச் சில நாளில் விஷயம் வெளியே கசிந்தது. ஸ்டீவன்ஸின் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியின் உறுப்பினர்கள், வட மாநிலங்கள் சிலவற்றைச் சேர்ந்தவர்கள், தனித்தனியாகக் கூடிப் பேசினார்கள்: இலையுதிர் காலத்தில் தேர்தல் வருகிறது, கறுப்பர் ஓட்டு என்று எழுதிக்கொண்டு ஊருக்குப் போனால் தோற்போம். ஓட்டுரிமை விதி வரைவிலிருந்து உருவப்பட்டது. அந்த அம்மை நாசமாய்ப் போகட்டும், நாட்டின் கொள்கையையே மாற்றிவிட்டது என்று ஸ்டீவன்ஸ் தன்னிடம் குமுறியதாக ஓவன் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

உருவிய இடத்தில் வேறொன்று வந்தது. ஒரு மாநிலம் ஆண்களுக்கு ஓட்டை மறுத்தால் அந்த விகிதத்துக்கு அதன் பிரதிநிதிகளின் எண்ணிக்கை குறையும். ஓட்டை மறுக்காதே என்று சொல்ல முடியவில்லை, மறுத்தால் இவ்வளவு விலை என்று சொன்னார்கள். அந்த விலையையும் எந்த மாநிலத்திடமிருந்தும் பின்னாளில் யாரும் வசூலிக்கவில்லை. 'ஆண்' என்ற சொல் அமெரிக்க அரசமைப்புக்குள் முதல்முறையாக நுழைந்ததும் இந்த விதியின் வழியாகத்தான். பெண்களுக்கு ஓட்டுக் கேட்டுப் போராடிய எலிசபெத் கேடி ஸ்டான்டனும் சூசன் ஆன்டனியும் கொதித்ததில் வியப்பில்லை. ஒரு பெண்ணாக அந்த வரியைப் படிக்கும்போது எனக்கும் கசக்கிறது. அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெரிய குரலான வென்டல் ஃபிலிப்ஸ் இந்தத் திருத்தத்தையே சரணாகதி என்று எதிர்த்தார். செனட் வேறு தன் பங்குக்குச் சிலவற்றைத் தளர்த்தி அனுப்பியது.

இப்படித் தேய்ந்து வந்த வரைவுதான் 1866 ஜூன் 13 அன்று இறுதி ஓட்டுக்காகப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. ஸ்டீவன்ஸுக்கு வயது 74. உடல் தளர்ந்திருந்தது. எழுந்தார். நீண்ட பேச்சு இல்லை. அதன் நடுப்பகுதியை என்னால் இயன்றவரை தமிழாக்கித் தருகிறேன்.

இளமையிலும் நடுவயதிலும் முதுமையிலும் தான் ஆசையோடு ஒரு கனவு கண்டதாகச் சொல்கிறார். ஏதோ ஒரு நல்ல வேளை வந்து பழைய அமைப்பின் அஸ்திவாரம் அசைந்துவிட்டால், இந்தக் குடியரசின் நேர்மையான மனிதர்கள் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவார்கள், ஒடுக்குமுறையின் சுவடும் ஏற்றத்தாழ்வின் சுவடும் மிச்சமில்லாமல் துடைப்பார்கள், ஏழை தாழ்ந்தவன் என்றும் பணக்காரன் உயர்ந்த சாதி என்றும் இருப்பது ஒழியும் என்று. சாதி என்பது நான் கொண்டுவந்து செருகிய சொல் இல்லை. அவர் வாயிலிருந்து வந்த ஆங்கிலச் சொல்லே அதுதான். அடுத்து சொல்கிறார்: "அந்த ஒளிமிக்க கனவு கலைந்துவிட்டது. பழைய கட்டடத்தின் மிக மோசமான பகுதிகளை மட்டும் ஒட்டுப்போட்டுவிட்டு, மற்றவற்றைக் கொடுங்கோன்மையின் புயலுக்கும் பனிக்கும் திறந்துவிட்டுப் போவதோடு நாம் திருப்தி அடைய வேண்டியிருக்கிறது."

பிறகு அவரே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறார். இப்படிப்பட்ட கருத்தும் ஓரளவு மன உறுதியும் உடைய நான், இவ்வளவு குறையுள்ள ஒன்றை ஏன் ஏற்கிறேன் என்று கேட்கிறீர்களா? "ஏனென்றால் நான் மனிதர்களுக்கு நடுவே வாழ்கிறேன், தேவதூதர்களுக்கு நடுவே அல்ல. என்னைப்போலவே அறிவும் உறுதியும் சுதந்திரமும் உடைய அந்த மனிதர்கள் என்னோடு உடன்படவில்லை, தங்கள் கருத்தை என் கருத்துக்காக விட்டுத்தரவும் விரும்பவில்லை." இனியும் தாமதிக்க வேண்டாம், இப்போது கிடைப்பதை எடுத்துக்கொள்வோம், மேற்கொண்டு வரும் சட்டங்களில் இதைவிட நல்லதை எதிர்பார்ப்போம் என்று முடித்தார்.

ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 120, எதிர்ப்பு 32. அதுதான் பதினான்காவது திருத்தம்.

அவர் சொன்னதும் நான் சொல்லாததும்

தேவதூதர்கள் வரியை இங்கே பலர் மேற்கோள் காட்டுவார்கள். எதையாவது பாதியில் விட்டுவிட விரும்புகிறவர்களுக்கு மிகவும் கைகொடுக்கும் வரி அது. அன்று கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது நானும் அதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், சமாதானமும் ஆனேன். மயானத்தில் நின்றபோதுதான் அந்த வரிக்கு முன்னால் அவர் என்ன சொன்னார் என்பது உறைத்தது. கட்டடத்தின் எந்தப் பக்கம் இடிந்து கிடக்கிறது, எங்கே புயல் புகும் என்பதைச் சபையின் பதிவேட்டில் ஏறும்படி சொல்லிவிட்டு அதன்பிறகு கையைத் தூக்கியிருக்கிறார். வெற்றி பெற்ற நாளில், தன் தரப்பு கைதட்டத் தயாராக இருக்கும் நேரத்தில், இது தோல்வியும்கூட என்று எழுந்து சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இதை வெறும் பேச்சுத் திறமை என்று ஒதுக்குகிறவர்கள் இருப்பார்கள். குறையைச் சொல்லிவிட்டு ஏற்றாலும் சொல்லாமல் ஏற்றாலும் கறுப்பின மனிதனுக்கு அன்று ஓட்டு இல்லைதானே என்று கேட்கலாம். ஒரு வாரம் நானும் இதற்குப் பதில் தெரியாமல்தான் இருந்தேன். ஆனால் அடுத்து நடந்ததைப் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரிகிறது. குறை இருக்கிறது என்று பதிவு செய்துவிட்டவருக்கு, மறுபடி அதே விஷயத்தை எடுக்கும் கடமையும் உரிமையும் மிச்சம் இருக்கின்றன. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதி மூடிய குறிப்பேட்டை எந்தக் காரணம் சொல்லித் திறப்பது?

ஸ்டீவன்ஸ் திறந்தார். தெற்கு அந்தத் திருத்தத்தை நிராகரித்தது. ஜூலையில் நியூ ஆர்லியன்ஸில் மறுபடியும் ரத்தம் ஓடியது. வடக்கின் மனநிலை மாறியது, தேர்தலில் அவர் தரப்பு பெருவெற்றி பெற்றது. 1867 மார்ச் 2 அன்று, ஜான்சனின் தடையுரிமையைத் தோற்கடித்து, காங்கிரஸ் மறுசீரமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பத்துத் தென் மாநிலங்கள் ஐந்து ராணுவ மாவட்டங்கள் ஆயின. புதிய மாநில அரசமைப்புகளை எழுதும் அவைகளுக்குக் கறுப்பின ஆண்களும் ஓட்டுப் போடலாம் என்றது சட்டம். ஓட்டு இல்லாத திருத்தத்தை ஏற்றுக்கொண்டதற்கும் இதற்கும் இடையே ஒன்பது மாதம்கூட ஆகவில்லை.

ஆனால் நிலம் கிடைக்கவில்லை. அவருடைய பெரிய திட்டம் அதுதான். 1865 செப்டம்பர் 6 அன்று இதே லங்காஸ்டரில் பேசியபோது கணக்குப் போட்டுக் காட்டினார். தெற்கில் 200 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் சுமார் 70,000 பெரிய கிளர்ச்சியாளர்களின் நிலத்தை எடுத்தால் 39 கோடியே 40 லட்சம் ஏக்கர். விடுதலை பெற்ற வயதுவந்த ஆண் ஒவ்வொருவருக்கும் 40 ஏக்கர் என்றால் பத்து லட்சம் பேருக்கு 4 கோடி ஏக்கர் போதும். மீதியை விற்றுப் போர்க் கடனை அடைக்கலாம். இருநூறு ஆண்டுகளாக உழுதவனுக்குக் கால் ஊன்ற இடம் இல்லாமல் ஓட்டை மட்டும் கொடுத்தால், பழைய ஆண்டையின் வாசலில்தான் அவன் மறுபடி நிற்பான் என்பது அவருடைய வாதம். 1867 மார்ச்சில் மசோதாவாகவும் கொண்டுவந்தார். சொந்தக் கட்சியே திரும்பிப் பார்க்கவில்லை. சொத்துரிமை என்ற சொல்லைக் கேட்டதும் வடக்கின் ஆலை முதலாளிகளும் தெற்கின் பண்ணை முதலாளிகளும் ஒரே குரலில் பேசினார்கள். நிலம் இல்லாதவர்கள் குத்தகை வாரத்துக்கு உழைத்துக் கடனில் மூழ்கினார்கள். 1870களின் இறுதிக்குள் தெற்கில் அவர்களுடைய ஓட்டும் பெருமளவு பறிபோகத் தொடங்கிவிட்டது. எங்கே புயல் புகும் என்று அவர் சொன்னாரோ அங்கேதான் புகுந்தது.

அதன்பிறகு ஐம்பது ஆண்டுகள் வரலாற்றாசிரியர்கள் அவரைப் பழிவெறி பிடித்த நொண்டிக் கிழவனாகவே எழுதினார்கள். 1915இல் வந்து நாடெங்கும் ஓடிய ஒரு மௌனப் படம் அவரை மனதில் வைத்து ஒரு வில்லனைப் படைத்தது. அந்தப் படத்தில் வெள்ளை முகமூடிக் கொலைகாரர்கள்தான் நாயகர்கள். வளைந்த பாதத்தையும் லிடியா ஸ்மித்தையும் காட்டியே ஒரு தலைமுறைக்கு அவரை வெறுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சாசன விதி இல்லாத மண்

பதினான்காவது திருத்தம் 1868 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 11 நள்ளிரவில், வாஷிங்டனில் ஸ்டீவன்ஸ் இறந்தார். லிடியா ஸ்மித்தும் கறுப்பினக் கன்னியாஸ்திரிகள் இருவரும் படுக்கை அருகே இருந்தார்கள். நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டது. அவருக்கு முன் அந்த மரியாதை கிடைத்தவர்கள் ஹென்றி கிளேயும் லிங்கனும் மட்டுமே. காவல் நின்றது ஒரு கறுப்பினப் படைப்பிரிவு. லங்காஸ்டரில் அவருடைய கட்சிக்காரர்கள், இறந்துவிட்டவரையே தங்கள் வேட்பாளராக மறுபடி தேர்ந்தெடுத்து மரியாதை செய்தார்கள்.

அதே ஆண்டு ஜூன் 1 அன்று லங்காஸ்டரின் இன்னொரு பெரிய மனிதர் இறந்திருந்தார். முன்னாள் அதிபர் ஜேம்ஸ் புக்கானன். போர் நெருங்கி வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். அவர் ஊரின் தெற்கே உட்வர்ட் ஹில் மயானத்தில், அழகான மேட்டில் இருக்கிறார். ஸ்டீவன்ஸ் தெருமுனையில் இருக்கிறார். சபையில் அவருக்கு ஒரு ஓட்டுதான். மற்ற ஓட்டுகளைக் கெஞ்சியோ அதட்டியோ விட்டுக்கொடுத்தோ சேர்க்க வேண்டியிருந்தது. தன் உடல் எங்கே கிடக்க வேண்டும் என்பதில் வேறு யாருக்கும் ஓட்டு இல்லை. அங்கே அவர் ஒரு சொல்லைக்கூட விட்டுத்தரவில்லை.

உயிலும் அப்படித்தான். அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் தொடங்கப் பணம் ஒதுக்கினார். நிறத்தையோ இனத்தையோ பார்த்து எந்தப் பிள்ளைக்கும் முன்னுரிமை கூடாது என்று எழுதினார். இன்று லங்காஸ்டரில் அவர் பெயரில் இருக்கும் தொழில்நுட்பக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. பீச்சமில் தாய் சாரா புதைக்கப்பட்ட மயானத்துக்கு 500 டாலர். ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தக் கல்லறையின் நான்கு மூலைகளிலும் ரோஜாவும் மனதுக்கு மலர்ச்சி தரும் பூக்களும் நட வேண்டும் என்று நிபந்தனை. நாடே கல்நெஞ்சன் என்று ஏசிய மனிதர் நான்கு மூலைகள் என்று குறித்து எழுதியிருக்கிறார்.

எங்கள் வீட்டு அலமாரியில் மகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. அவள் இந்த ஊர் மருத்துவமனையில் பிறந்தபோது நாங்கள் இருவரும் விசாவில் இருந்தவர்கள். இங்கே பிறந்தவர் இங்கே குடிமகன் என்ற வாசகம் பதினான்காவது திருத்தத்தின் முதல் வரி. அதை எழுதியவர் ஸ்டீவன்ஸ் இல்லை, செனட்டில் ஜேக்கப் ஹவர்ட் சேர்த்தது. சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் 1898இல் உச்ச நீதிமன்றம்வரை போய் அதை நிலைநாட்டினார். 1923இல் அதே நீதிமன்றம் இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமை பெறத் தகுதியில்லை என்று சொன்ன பிறகும், இங்கே பிறந்த இந்தியப் பிள்ளைகளை அந்த முதல் வரி காத்தது. கனவு கலைந்துவிட்டது என்று அந்தக் கிழவர் சொன்ன நாளில் 120 பேர் கை தூக்கிய அதே தாளில் இருந்த வரி. வென்டல் ஃபிலிப்ஸின் பக்கம் நின்று அன்று அதைத் தோற்கடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் யோசிக்க முடியவில்லை. அந்தத் தாளுக்காகப் பத்து ஆண்டு, நூறு ஆண்டு ஓட்டுக்குக் காத்துக்கிடந்தவர்களை நினைத்தால் நன்றி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

சென்ற வாரம் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். போன கூட்டத்துக் குறிப்பைத் திருத்த வேண்டும், 'எல்லோருக்கும் சம குரல்' என்ற வரிக்குக் கீழே என் பெயரில் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: "ஓட்டுரிமைக்குப் போதிய ஆதரவு இல்லாததால் இதற்கு வாக்களித்தேன். இது முழுமையான தீர்வு என்று நான் ஏற்கவில்லை." அனுப்புவதற்கு முன் காகிதத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வாசல் விளக்கின் கீழ் நின்று, இரண்டு முறை படித்தார். காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

"நல்லது. ஓட்டுக்கான தீர்மானத்தை மறுபடி எந்தக் கூட்டத்தில் கொண்டுவரப் போகிறீர்கள்?"